சில்லை கலானில் வெயில்

டிசம்பர் 21-ஆம் தேதி காஷ்மீரில் சில்லை கலான் தொடங்கும். நாற்பது நாள் கடுங்குளிர். அது போனதும் இருபது நாள் சில்லை குர்த், பிறகு பத்து நாள் சில்லை பச்சா என்று குளிர் படிப்படியாக இறங்கும். இந்த எழுபது நாளை உத்தேசித்துத்தான் பள்ளத்தாக்கு வீடுகளில் கோடையிலேயே கத்தரிக்காயும் சுரைக்காயும் தக்காளியும் நறுக்கி வற்றல் போடுகிறார்கள், விறகு அடுக்குகிறார்கள், காங்கிரி என்கிற கணப்புச் சட்டிக்குக் கரி சேர்க்கிறார்கள். குல்மார்க்கில் ஸ்லெட்ஜ் இழுப்பவர்களுக்கு அந்த எழுபது நாள் இன்னொரு வகையிலும் முக்கியம். வருஷச் சம்பாத்தியத்தில் பெரும்பங்கு அதற்குள்தான் வந்தாக வேண்டும்.

2024 ஜனவரியில் அது வரவில்லை.

குல்மார்க்கின் அடிவாரத்தில் உள்ள தங்மார்க்குக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் ஒரு பெரியவருக்கு அந்த மாதம் ஒவ்வொரு நாளாக நினைவிருக்கிறது. வயது அறுபதை நெருங்குகிறது. சுற்றுலாப் பயணிகள் அவரை ‘சாச்சா’ என்று கூப்பிடுவார்கள். கோடையில் மட்டக்குதிரை, குளிர்காலத்தில் ஸ்லெட்ஜ். மரப்பலகையில் செய்து, அடியில் இரும்புப் பட்டை அடித்த சின்ன வண்டி அது. மேட்டில் ஆளை உட்காரவைத்துக் கயிற்றால் இழுத்துப் போவார். இறக்கத்தில் தானே முன்னால் உட்கார்ந்து, பயணியைப் பின்னால் பிடித்துக்கொள்ளச் சொல்லி, குதிகாலால் பனியை உழுது வேகத்தைக் கட்டுப்படுத்துவார். அவருடைய ரப்பர் பூட்ஸின் குதிகால் ஒவ்வொரு வருஷமும் மார்ச்சுக்குள் தேய்ந்துவிடும். அந்த வருஷம் ஜனவரி முடியும்போது புது பூட்ஸ் புதிதாகவே இருந்தது.

குல்மார்க், ஸ்ரீநகரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் போல. கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 2,650 மீட்டர். பதினாறாம் நூற்றாண்டில் யூசுப் ஷா சக் என்ற அரசர் வைத்த பெயர் என்பார்கள். ஆங்கிலேய அதிகாரிகள் 1927-இல் இங்கே ஸ்கீ கிளப் தொடங்கினார்கள். 1968-இல் பனிச்சறுக்கும் மலையேற்றமும் கற்றுக்கொடுக்க மத்திய அரசின் பயிற்சி நிறுவனம் வந்தது. 1998-இல் கொண்டோலா என்கிற ரோப் காரின் முதல் கட்டம் கொங்டூரி வரை ஓட ஆரம்பித்தது; 2005-இல் இரண்டாம் கட்டம் அஃபர்வட் சிகரத்தின் தோள்பட்டை வரை, நாலாயிரம் மீட்டருக்குச் சற்றே குறைவான உயரத்துக்கு, ஏறியது. ஐரோப்பாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் ஸ்கீ ஆட்டக்காரர்கள் அதற்குப் பிறகுதான் பெருவாரியாக வரத் தொடங்கினார்கள். ஓட்டல்கள் பெருகின. கீழே தங்மார்க்கில் கம்பூட்டும் மயிர்க்கோட்டும் வாடகைக்கு விடும் கடைகள் வரிசை கட்டின. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த நம்பிக்கை ஒன்றுதான்: ஜனவரியில் பனி விழும்.

அந்தப் பனி காஷ்மீரில் உண்டாவதில்லை. மத்திய தரைக்கடல் பக்கம் உருவாகும் தாழ்வுநிலைகள் ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகக் கிழக்கே நகர்ந்து வந்து இமயமலையில் மோதிக் கொட்டுகிற ஈரம் அது. வானிலைத் துறையினர் அதை மேற்கத்திய இடையூறு என்பார்கள். அந்தக் குளிர்காலத்தில் ஒன்று அவை பலவீனமாக வந்தன, அல்லது வடக்கே ஒதுங்கிப் போயின. எல் நினோ ஆண்டு வேறு. 2023 டிசம்பரில் காஷ்மீரில் மழையும் பனியும் சேர்ந்து வழக்கத்தைவிட 79 சதவீதம் குறைவு. ஜனவரியில் கடைசி வாரம் வரை அதுகூட இல்லை. பகலில் ஸ்ரீநகரில் வெப்பம் 15 டிகிரி வரை ஏறியது. சமவெளியில் இருக்கும் ஜம்மு மூடுபனியில் நடுங்க, ஸ்ரீநகரில் மனிதர்கள் ஃபேரன் என்கிற நீளக் கம்பளி அங்கியைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். ராத்திரி மட்டும் குழாய்த் தண்ணீர் உறைந்தது. மேகம் இல்லாத வானத்துக்கு அதுதான் இயல்பு. பகலில் வாங்கிய சூட்டை இரவில் அப்படியே விட்டுவிடும்.

ஐப்பசி, கார்த்திகை முழுக்க மழையில்லாமல் வெடித்துக் கிடக்கும் ஏரியைப் பார்த்திருப்பவர்களுக்கு அந்த ஜனவரி குல்மார்க் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இடுப்பளவு பனி இருக்க வேண்டிய புல்வெளி செம்பழுப்பாகக் காய்ந்து கிடந்தது. அந்தப் பருவத்தில் பனி மூடியே இருக்கும் கோல்ஃப் மைதானத்தின் மேடு பள்ளமெல்லாம் வெளியே தெரிந்தது. அப்போது முன்னாள் முதலமைச்சராக இருந்த உமர் அப்துல்லா, தாமே ஸ்கீ ஆடுகிறவர், இப்படி வறண்ட குல்மார்க்கைக் குளிர்காலத்தில் பார்த்ததே இல்லை என்று படத்தோடு எழுதினார். சீக்கிரம் பனி விழாவிட்டால் கோடை பெரும்பாடாகும் என்றும் அதில் எச்சரித்திருந்தார். படம் நாடு முழுக்கச் சுற்றியது. ஓட்டல்களில் முன்பதிவுகள் ரத்தாகத் தொடங்கின.

தங்மார்க்கில் நடந்தது வெளியூர்க்காரர்களுக்கு அதிகம் தெரியாது. பனி விழுந்தால் தங்மார்க்கிலிருந்து குல்மார்க் போகும் பதின்மூன்று கிலோமீட்டர் மலைப்பாதையில், சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிகளுக்கும் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிகளுக்கும்தான் அனுமதி. ஸ்ரீநகரிலிருந்து வருகிற டாக்சி கீழேயே நின்றுவிடும். பயணி இறங்குவார், டீ குடிப்பார், பூட்ஸ் வாடகைக்கு எடுப்பார், உள்ளூர் சூமோவில் மேலே போவார். நாலைந்து குடும்பங்களுக்குக் கூலி அந்த ஒரு இறக்கத்தில் பிரிந்துபோகும். 2024 ஜனவரியில் தார்ச்சாலை வெயிலில் காய்ந்து கிடந்ததால் ஸ்ரீநகர் டாக்சிகள் நிற்காமல் நேரே மேலே போயின. கடைகளில் கம்பூட்டுகள் ஜோடி ஜோடியாகக் கயிற்றில் தொங்கின. சூமோ ஓட்டுநர்கள் பானெட் மேல் உட்கார்ந்து கேரம் ஆடினார்கள்.

பெரியவர் தினமும் மேலே போனார். வீட்டில் உட்கார முடியவில்லை என்பதுதான் காரணம். ஸ்லெட்ஜைக் கொட்டகைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, ஃபேரனுக்குள் காங்கிரியை அணைத்துக்கொண்டு மற்றவர்களோடு வெயிலில் நிற்பார். பேச்சு முழுக்க மேகத்தைப் பற்றி. அஃபர்வட் உச்சியில் கொஞ்சம் பழைய பனி இருந்தது. கொண்டோலாவில் மேலே போனவர்கள் அதில் நின்று படமெடுத்துக்கொண்டு திரும்பினார்கள். அங்கே ஸ்லெட்ஜுக்கு வேலையில்லை. குதிரை வைத்திருந்தவர்களுக்குக் கொஞ்சம் சவாரி கிடைத்தது. குளிர்காலத்துக்கென்று தன் குதிரையைக் கீழே அனுப்பிவிட்டிருந்த பெரியவருக்கு அதுவும் இல்லை.

பொங்கல் விடுமுறைக்கு மதுரையிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அப்பா, அம்மா, எட்டு வயதுச் சிறுமி, பாட்டி. சிறுமியின் காலில் முழங்கால் உயரக் கம்பூட். காய்ந்த புல்லில் அது சரக் சரக்கென்று சத்தம் போட்டது. “பனி எங்கேப்பா?” என்று அவள் கேட்டதில் ‘பனி’ என்ற சொல் மட்டும் பெரியவருக்குப் புரிந்தது. பல வருஷமாகத் தமிழ்நாட்டுக்காரர்களை இழுத்தவர். ‘வாங்க’, ‘மெதுவா’, ‘பயப்படாதீங்க’ எல்லாம் அவருக்குத் தெரியும். கொஞ்ச தூரம் நடந்தால் காட்டுக்குள் இருக்கிறது என்று கையைக் காட்டி அழைத்துப் போனார்.

பைன் மரங்களின் வடக்குப் பக்கத்தில், சூரியன் எட்டாத ஒரு பள்ளத்தில், டிசம்பர் ஆரம்பத்தில் விழுந்தது கொஞ்சம் மிச்சமிருந்தது. இரண்டு கட்டில் அகலம் இருக்கும். மேலே பைன் ஊசிகளும் மண்ணும் அப்பி, கண்ணாடித் துகள் போல் இறுகிக் கறுத்திருந்தது. பெரியவர் பூட்ஸ் முனையால் மேல்தோலை உடைத்தார். அடியில் வெள்ளை தெரிந்தது. சிறுமி குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் அள்ளினாள். கட்டி உடைய மறுத்தது. அதை எறியக்கூட முடியவில்லை, கல்லாக இருந்தது. பாட்டி ஒரு துண்டை வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பேத்தியிடம் கொடுத்தார். அப்பா படமெடுத்தார். திரும்பும்போது இருநூறு ரூபாய் நீட்டினார். பெரியவர் வாங்கிக்கொண்டார். ஸ்லெட்ஜ் இழுக்காமல் வாங்கிய காசு அது என்று இன்றும் சொல்கிறார். வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அந்த மாதம் அவர் இல்லை.

அந்தக் குடும்பத்துக்கு இழப்பு ஒரு விடுமுறை. வருத்தம்தான், ஆசையாகச் சேமித்து வந்தவர்கள். ஆனால் அந்தப் பழுப்புப் புல்வெளியை நாடே ஏமாந்த சுற்றுலாப் பயணியின் கண்ணால் மட்டும் பார்த்தது. அதில் மூடிப்போன விஷயங்கள் நிறைய.

முதலாவது தண்ணீர். சில்லை கலானில் விழும் பனிக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. கடுங்குளிரில் அடுக்கடுக்காக இறுகிவிடுவதால் அது ஏப்ரல், மே தாண்டியும் மலையில் நிற்கும். மெல்ல உருகி ஓடைகளுக்கும் ஜீலத்துக்கும் ஊற்றுகளுக்கும் தண்ணீர் கொடுக்கும். அதே அளவு பனி பிப்ரவரி கடைசியில் விழுந்தால் சில வாரத்தில் உருகி ஓடிவிடும். நெல் நாற்றுக்கு ஜூனில் வேண்டிய தண்ணீர் ஜனவரியில் மலையில் ஏறியிருக்க வேண்டும். அந்த வருஷம் ஜனவரியிலேயே கிராமத்து ஓடை மெலிந்தது. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் நீர்மின் உற்பத்தியும் குறையும், மின்வெட்டு நீண்டது. காய்ந்த காட்டில் அங்கங்கே தீப்பிடித்தது. ஜனவரியில் காட்டுத் தீ என்பதைப் பெரியவரின் தாயார் நம்பவே மறுத்தார்.

பிறகு ஆப்பிள். மரம் உறங்க வேண்டிய காலம் அது. பல ரகங்களுக்கு ஏறக்குறைய ஆயிரம் மணி நேரக் குளிர் வேண்டும். இரவுகள் குளிர்ந்தே இருந்ததால் அதில் பெரிய குறை வராமல் போகலாம். ஆனால் பகல் வெயில் மரத்தை முன்கூட்டியே எழுப்பிவிட்டால் மொட்டு அவசரப்படும். மார்ச்சில் ஒரு நாள் உறைந்தால் பூ கருகும். பெரியவருக்குச் சொந்தமாகப் பெரிய தோட்டம் இல்லை, சில மரங்கள்தான். ஸ்லெட்ஜ் இழுப்பவர்களில் பலரும் அப்படித்தான்: குளிர்காலத்தில் பனி, இலையுதிர் காலத்தில் சில பெட்டி ஆப்பிள், அல்லது அடுத்தவர் தோட்டத்தில் பறிப்புக் கூலி. ஒன்று கைவிட்டால் மற்றது தாங்கும் என்பது ஏற்பாடு. பனி பொய்த்தால் இரண்டும் சேர்ந்து ஆட்டம் காணும்.

பள்ளத்தாக்கு முழுக்க மசூதிகளிலும் தர்காக்களிலும் மழைக்கும் பனிக்கும் சிறப்புத் தொழுகை நடந்தது. பெரியவர் தம் கிராமத்துத் தொழுகையில் கலந்துகொண்டார். வெட்டவெளியில் நின்று கையேந்தியபோது பக்கத்தில் நின்றவர்களைக் கவனித்தாராம். சூமோ ஓட்டுநர், பூட்ஸ் கடைக்காரர், நெல் விவசாயி, ஓட்டல் சமையற்காரர், மின்வாரியத்தில் வேலை பார்க்கும் மருமகன். ஒரே வேண்டுதலுக்கு ஊரே ஒன்றாக வந்து நின்றதை அதற்கு முன் அவர் பார்த்ததில்லை.

குல்மார்க் அதற்கு முன்னும் ஓய்ந்திருக்கிறது. 2019 ஆகஸ்டில் சுற்றுலாப் பயணிகள் உடனே கிளம்ப வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. அதன்பின் ஊரடங்கு, இணையமும் கிடையாது. அந்த நவம்பர் முதல் வாரத்திலேயே கனத்த பனி விழுந்து, பறிக்காத பழத்தோடு ஆப்பிள் மரங்களை முறித்தது. குளிர்காலம் முழுக்கப் பனி குவிந்தது, ஆள் இல்லை. பெரியவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பேசுவார். 2019-இல் ஸ்லெட்ஜைத் துடைத்து எண்ணெய் பூசி வைத்திருந்தார், இன்று இல்லாவிட்டால் நாளை ஆட்கள் வருவார்கள் என்று. 2020 மார்ச்சில் முதல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டு அங்கே நடந்தபோது வந்தும் விட்டார்கள். மனிதர்கள் நிறுத்தியதை மனிதர்கள் திறக்க முடியும். 2024-இல் சாலை திறந்திருந்தது, கொண்டோலா ஓடியது, போன் வேலை செய்தது, பயணிகளும் ஓரளவு வந்தார்கள். வானத்திடம் போய்ப் பேசுவது யார்?

இந்த நஷ்டம் எந்தப் புள்ளிவிவரத்திலும் தெரியாது. 2023-இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொண்டோலாவில் ஏறினார்கள். சாதனை என்று கொண்டாடினார்கள், சாதனைதான். ஆனால் வருஷக் கூட்டுத்தொகையில் ஜூன் மாதப் பயணியும் ஜனவரிப் பயணியும் ஒரே எண். ஜூனில் வருகிறவர் ஸ்லெட்ஜில் ஏறுவதில்லை. ரத்தான அறைக்கு ஓட்டலில் ஒரு பதிவு இருக்கும், முன்பணத்தில் ஒரு பகுதியாவது நிற்கும். ஸ்லெட்ஜ் இழுப்பவரின் கையில் துறை கொடுத்த பதிவு எண் உண்டு. அவர் சும்மா நின்ற நாட்களை அந்த எண்ணுக்கு எதிரே எழுதிவைக்க யாரும் இல்லை. ஆலங்கட்டி மழையில் பழம் உதிர்ந்தால் வந்து பார்க்கவாவது ஓர் அதிகாரி உண்டு. பனி விழாத ஜனவரியை யார் வந்து பார்ப்பது, எதை அளப்பது? பனியும் ஒரு விளைச்சல்தான், அது பொய்த்தால் அதை நம்பிப் பதிவு செய்தவர்களுக்குக் குளிர்கால நிவாரணம் வேண்டும் என்ற பேச்சு கொட்டகையில் அந்த மாதம்தான் முதலில் எழுந்தது. அது நியாயமான கோரிக்கை. பதிவேடு ஏற்கெனவே இருக்கிறது. வானிலை நிலையத்தில் பனியளவும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது ஆகாத காரியமில்லை.

செயற்கைப் பனி போடலாமே என்று சொல்பவர்கள் உண்டு. 2022-23 குளிர்காலத்தில் ஆல்ப்ஸ் மலையில் அப்படித்தான் செய்தார்கள். பச்சைப் புல்வெளிக்கு நடுவே இயந்திரம் தூவிய வெள்ளைப் பட்டையில் சறுக்கினார்கள். அதற்கு ஏராளமான தண்ணீரும் மின்சாரமும் உறைநிலைக் காற்றும் வேண்டும். ஓடை மெலிந்து, மின்வெட்டு நீளும் மாதத்தில் குல்மார்க் அதற்கு எங்கே போகும்?

ஜனவரி கடைசி வாரம், சில்லை கலான் விடைபெறும் நேரத்தில், மேகம் வந்தது. முதலில் தூவல். அடுத்தடுத்த நாட்களில் கனமாகவே விழுந்தது. முதல் பனி விழும் நாளில் காஷ்மீரில் ஒருவரையொருவர் வாழ்த்திக்கொள்வது வழக்கம். அந்த வருஷம் அந்த வாழ்த்து பிப்ரவரியிலும் ஓயவில்லை. தங்மார்க்கில் சங்கிலிகள் வெளியே வந்தன. பெரியவர் இரும்புப் பட்டையில் ஏறியிருந்த துருவை உப்புத்தாளால் தேய்த்தார். கேலோ இந்தியா போட்டிகள் பிப்ரவரி 21 முதல் 25 வரை நடந்தன. இரண்டு வாரம் அவர் நிமிர நேரமில்லாமல் இழுத்தார்.

தாமதமாக வந்து மொத்தமாகக் கொட்டும் பனிக்கு ஓர் ஆபத்து உண்டு என்பது மலைக்காரர்களுக்குத் தெரியும். ஆரம்பத்தில் விழுந்த மெல்லிய பனி, தெளிந்த வானத்தின் உறைபனி இரவுகளில் கிடந்து கிடந்து சர்க்கரை போல் பிடிப்பில்லாத மணிகளாகிவிடும். அதன்மேல் ஒரே மூச்சில் புதுப்பனி ஏறினால் அடித்தளம் தாங்காது. ஓர் ஆளின் எடையே சரிவைக் கிளப்பப் போதும். பிப்ரவரி 22 அன்று அஃபர்வட் சரிவில் பனிச்சரிவு நேர்ந்து ரஷ்ய ஸ்கீ ஆட்டக்காரர் ஒருவர் இறந்தார். அதற்கு முந்தைய வருஷம், 2023 பிப்ரவரி முதல் தேதி, அதே மலையில் போலந்துக்காரர்கள் இருவர் பலியாகியிருந்தார்கள். செய்தி கீழே வந்தபோது பெரியவரின் மகன் மேலே இருந்தான். அவன் அடிப்படை ஸ்கீ பயிற்சி முடித்தவன், வெளிநாட்டுக் குழுக்களுக்குச் சாமான் தூக்குவான். அன்று அவன் வேறு சரிவில் இருந்திருக்கிறான். போன் கிடைக்கும் வரை பெரியவர் கொண்டோலா வாசலை விட்டு நகரவில்லை.

“பாபா, நான் நல்லா இருக்கேன், நீங்க வீட்டுக்குப் போங்க” என்று அவன் சொன்னபிறகும் அவன் இறங்கி வரும் வரை நின்றார்.

அடுத்த குளிர்காலமும் தெம்பு தரவில்லை. 2025 பிப்ரவரியில் அனந்தநாக் மாவட்டத்து அச்சபல் ஊற்று வற்றியது. முகலாயர் காலத் தோட்டத்துக்கே உயிரான ஊற்று. சுற்றியிருந்த கிராமங்கள் குடிநீருக்குத் தவித்தன. குல்மார்க்கில் பிப்ரவரி 22-இல் தொடங்க வேண்டிய குளிர்கால விளையாட்டு, போதிய பனி இல்லாததால் தள்ளிவைக்கப்பட்டது. அதற்குள் மகன் புல்வாமா மாவட்டத்து லாசிபோராவில் ஆப்பிள் குளிர்கிடங்கு ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். பெட்டிகளை அடுக்கும் வேலை. உள்ளே வருஷம் முழுக்க ஒரே குளிர், சம்பளம் மாதம் பிறந்தால் கைக்கு வரும். வீட்டில் இதைப் பற்றிச் சண்டை எதுவும் நடக்கவில்லை. போகட்டும் என்று பெரியவர்தான் முதலில் சொன்னார்.

பிறகு பனி விழுந்து, போட்டிகள் மார்ச் 9 முதல் 12 வரை நடந்தன. மகன் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து சரிவுகளில் கம்பம் நடும் வேலை பார்த்தான். மாலையில் இருவரும் சேர்ந்து ஸ்லெட்ஜ் இழுத்தார்கள். மேட்டில் மகன், இறக்கத்தில் அப்பா. போட்டி முடிந்த மறுநாளே அவன் லாசிபோராவுக்குக் கிளம்பிவிட்டான். லாரிக்கு லோடு ஏற்ற ஆள் போதவில்லை என்று கிடங்கிலிருந்து முந்தின இரவே போன் வந்திருந்தது.